அரஞ்சினா, அரஞ்சினோ, நாரத்தை

இத்தாலிக்கும் சிசிலித் தீவுக்கும் இடையிலுள்ள மெசினா நீரிணையைப் படகில் கடக்க இருபது நிமிடம் போதும். பூட்ஸ் வடிவ இத்தாலியின் கால்விரல் நுனியில், வில்லா சான் ஜொவான்னியில், கார்களும் லாரிகளும் படகின் வயிற்றுக்குள் ஏறி நின்றவுடன், ஓட்டிவந்தவர்கள் மேல்தளத்துச் சிற்றுண்டிக் கடைக்கு விரைவார்கள். பலர் கையிலும் ஒரே பண்டம்: தாளில் பொதிந்த, பொன்னிறமாகப் பொரித்த சோற்றுருண்டை. வடக்கே மிலானிலும் தூரினிலும் வேலைபார்த்துவிட்டு விடுமுறைக்குத் திரும்பும் சிசிலியர்களுக்கு இதைக் கடித்தால்தான் ஊர் வந்த கணக்கு.

தீவின் இந்தக் கிழக்குக் கரையில் அதன் பெயர் அரஞ்சினோ. காரைக் கரையிறக்கி, எத்னா எரிமலையை வலப்பக்கம் வைத்துக்கொண்டு தெற்கே கத்தானியா வரை ஓட்டி, அங்கிருந்து தீவின் குறுக்கே ஏறத்தாழ 200 கிலோமீட்டர் போய்ப் பலேர்மோவில் இறங்கினால், அதே பண்டம் அரஞ்சினா ஆகிவிடும். ஈற்றில் ஓர் உயிரெழுத்துதான் மாறியிருக்கிறது. ஆனால் பலேர்மோக் கடையில் நின்று ‘ஓர் அரஞ்சினோ கொடுங்கள்’ என்று கேட்டால், கேட்டது கைக்கு வருமுன் திருத்தம் வந்துவிடும்.

முதலில் நேர்ப்பொருள். இத்தாலிய மொழியில் அரஞ்சா என்றால் ஆரஞ்சுப் பழம். இனா, இனோ என்பவை சிறுமை காட்டும் விகுதிகள். ஆக அரஞ்சினா என்பது ‘சின்ன ஆரஞ்சு’. உள்ளே ஆரஞ்சு ஒரு சுளைகூடக் கிடையாது. உருவத்தையும் நிறத்தையும் பார்த்து வைத்த பெயர். அந்த நிறத்துக்குப் பாதிக் காரணம் குங்குமப்பூ, மீதி எண்ணெய்ச் சட்டி. (ஞ்சி என்று எழுதினாலும் ‘ச்சி’ என்று அழுத்தி ஒலிப்பதே அவர்கள் வழக்கம். தமிழ் எழுத்தில் இதற்குமேல் நெருங்க முயன்றால் சொல் வாயில் நுழையாது.)

ஒருமை பன்மையிலும் கவனம் தேவை. அரஞ்சினோவுக்குப் பன்மை அரஞ்சினி. அரஞ்சினாவுக்குப் பன்மை அரஞ்சினே. ஆங்கிலம் பேசும் நாடுகளின் உணவகங்கள் பன்மையையே ஒருமையாக்கிப் பரப்பிவிட்டன. அதைப் பார்த்து நாமும் ‘அரஞ்சினிகள்’ என்று எழுதினால் பன்மையின்மேல் பன்மை ஏற்றியதாகும். பானினி என்னும் ரொட்டிப் பண்டத்துக்கும் கன்னோலி என்னும் இனிப்புக் குழலுக்கும் இதே கதிதான். ஒன்று வாங்கினால் அது பானினோ, கன்னோலோ.

செய்முறையைச் சற்றுப் பார்த்தால்தான் தமிழில் என்ன பெயர் பொருந்தும் என்று பேச முடியும். பசையுள்ள குட்டை அரிசியை, குங்குமப்பூ கரைத்த சாற்றில், நீர் முழுவதும் உள்ளே இழுக்கும்வரை வேகவைக்கிறார்கள். வெண்ணெயும் பாலாடைக்கட்டித் துருவலும் சேர்த்து, அகன்ற தட்டில் பரப்பி ஆறவிடுகிறார்கள். ஆறிய சோற்றில் ஒரு பிடி எடுத்து, உள்ளங்கையைக் குழித்து, கொழுக்கட்டைக்குச் சொப்பு செய்வதுபோல் கட்டைவிரலால் நடுவில் பள்ளம் பறிக்கிறார்கள். பள்ளத்தில் விழுவது தக்காளியில் நெடுநேரம் வெந்த கொத்துக்கறியும் பச்சைப் பட்டாணியும். வாயை மூடி உருட்டி, நீர்க்க கரைத்த கோதுமை மாவில் முக்கி, ரொட்டித் தூளில் புரட்டி, நிறைய எண்ணெயில் மிதக்கவிடுகிறார்கள். நன்றாக வந்த ஒன்றைக் கடித்தால் மேலோடு நொறுங்கும் சத்தம் பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்கும். இரண்டாவது கடியில் ஆவி வரும். அப்போது அவசரப்பட்டால் நாக்கு பொத்துவிடும்.

கத்தானியாவில் இதைக் கூம்பாகப் பிடிக்கிறார்கள். எத்னாவின் வடிவம் என்று சொல்லிக்கொள்வார்கள்; மலை முதுகுக்குப் பின்னால் புகைந்துகொண்டிருக்கும் ஊரில் அதை மறுத்துப் பேசுவது கடினம். எத்னாவின் சரிவில் உள்ள ப்ரோந்தே ஊரின் பிஸ்தாவை உள்ளே வைக்கும் வகையும் இந்தப் பக்கத்துச் சிறப்பு. பலேர்மோவில் கறி வைத்தது உருண்டை. வெண்ணெய், பன்றித் தொடைக்கறி, உருகும் பாலாடைக்கட்டி வைத்தது பெரும்பாலும் நீள்வட்டம். கடிக்காமலேயே உள்ளே இருப்பதைச் சொல்லிவிடும் ஏற்பாடு இது. கூம்பை ஆரஞ்சு என்று அழைப்பது எப்படிச் சரி என்று பலேர்மோக்காரர்கள் கேட்கிறார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது.

ஆணா பெண்ணா என்ற சண்டைக்கு வருவோம். பொது இத்தாலிய மொழியில் ஆரஞ்சு மரம் அரஞ்சோ, ஆண்பால். பழம் அரஞ்சா, பெண்பால். பழத்தைப் பார்த்துத்தானே பெயர், ஆகவே அரஞ்சினாவே சரி என்பது பலேர்மோவின் வாதம். ஆனால் சிசிலிய மொழியில் பழத்தின் பெயரே ஆண்பால்: அரஞ்சு. (நம் ஆரஞ்சில் ஒரு மாத்திரை குறைத்தால் அதுதான்.) அதிலிருந்து பிறந்த அரஞ்சினுதான் இத்தாலிய உருவில் அரஞ்சினோ ஆனது என்பது கிழக்கின் வாதம். வழக்கு கடைசியில் ஃபிளாரன்ஸ் நகரத்து அக்காதெமியா தெல்லா குருஸ்காவிடம் போனது. 1583-இல் தொடங்கிய மொழிக் கழகம் அது. குருஸ்கா என்றால் தவிடு. மொழியைச் சலித்துத் தவிட்டை நீக்குவது அவர்கள் வேலை, சல்லடையே அவர்கள் சின்னம். 2016-இல் கழகம் வெளியிட்ட விளக்கம் இரண்டு வடிவங்களுக்கும் நியாயம் கண்டது. இரண்டு ஊருக்கும் அதில் திருப்தி இல்லை என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

பொருள்களுக்கு ஆண் பெண் வேற்றுமை பார்க்காத மொழியில் எழுதும் நமக்கு இந்தத் தொல்லை இல்லை. எல்லாம் அஃறிணை.

பண்டத்தின் வயது பற்றிச் சுற்றுலாக் கையேடுகள் தாராளமாகப் பேசும். அரபு அமீர்கள் காலத்து விருந்துப் பண்டம் என்றும், வேட்டைக்குப் போகும்போது கெடாமலிருக்கச் சிசிலியை ஆண்ட அரசர் இரண்டாம் பிரெடரிக் ரொட்டித் தூள் மேலோடு போடச் சொன்னார் என்றும் கதைகள் உண்டு. அரபியர் 827-இல் சிசிலியில் படையிறங்கினார்கள் என்பதும், அவர்கள் காலத்தில் நாரத்தை இனப் பழங்களும் கரும்பும் நெல்லும் அங்கே வேரூன்றின என்பதும் வரலாறு. ஆனால் அரிசியும் ஆரஞ்சும் வந்த அன்றே அரஞ்சினாவும் வந்துவிட்டது என்பதற்கு ஏட்டுச் சான்று இல்லை. கறியோடு வேகும் தக்காளியோ அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. அமீர்கள் அதைக் கண்ணால் கண்டிருக்க வழியில்லை. 1857-இல் வெளிவந்த ஜுசெப்பே பியூந்தியின் சிசிலிய அகராதியில் அரஞ்சினு இடம்பெறுகிறது. அங்கே அதற்குப் பொருள், ஆரஞ்சு வடிவில் செய்த இனிப்பான அரிசிப் பண்டம் என்பது! கறி உள்ளே நுழைந்தது எப்போது என்பதைவிட, இனிப்பு வெளியேறியதே எனக்கு வியப்பு.

டிசம்பர் 13, புனித லூசியா திருநாள். அன்று பலேர்மோவில் ரொட்டியும் பாஸ்தாவும் சாப்பிடுவதில்லை. 1646-இல் பஞ்சத்தில் நகரம் வாடியபோது தானியக் கப்பல் ஒன்று கரைசேர்ந்ததாகவும், மாவாக அரைக்கப் பொறுமையில்லாமல் கோதுமையை அப்படியே அவித்துத் தின்றதாகவும் வழிவழிக் கதை. அதன் நினைவாக அவித்த கோதுமையில் ரிக்கோத்தா என்னும் மென்மையான பாலாடைக்கட்டியும் சர்க்கரையும் கலந்த குச்சியா உண்டு. மற்றபடி நாள் முழுவதும் அரஞ்சினாதான். அதன் மேலோட்டில் இருப்பது ரொட்டித் தூள் என்பதை அன்று யாரும் கிளறுவதில்லை.

இனிச் சொல் வந்த வழி. இத்தாலிய அரஞ்சாவுக்குப் பின்னால் அரபு ‘நாரஞ்ச்’ நிற்கிறது. அதற்குப் பின்னால் பாரசீக ‘நாரங்’. அதற்கும் பின்னால் வடமொழி ‘நாரங்க’. அந்த வடமொழிச் சொல் பெரும்பாலும் தென்னிந்திய மொழிகளிலிருந்து போயிருக்க வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. தமிழில் நாரத்தை, நாரத்தம், மலையாளத்தில் நாரங்ஙா, தெலுங்கில் நாரிஞ்ஜ. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் பூக்களில் வரும் நரந்தத்துக்கு நாரத்தம்பூ என்று உரை கண்டார்கள். நறுமணத்தின் ‘நறு’தான் இதற்கெல்லாம் வேர் என்று சொல்பவர்கள் உண்டு. கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் நறுமணத்தில் வல்லின றகரம், நாரத்தையில் இடையின ரகரம். இந்தத் தடையைத் தாண்டாமல் அந்த விளக்கத்தை ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

முதலெழுத்து நகரம் எங்கே போனது? ஸ்பானிய மொழியில் அது பத்திரமாக இருக்கிறது: நாரன்ஹா. இத்தாலியிலும் பிரான்சிலும் முன்னால் வந்த ‘ஒரு’ என்னும் பொருள்படும் சொல்லின் ஈற்று நகர ஒலியோடு ஒட்டிக் கரைந்துவிட்டது. நகரம் தொலைந்த அந்த உருவம் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், ஆங்கிலேயரோடு கப்பலேறி, தமிழ்நாட்டில் ‘ஆரஞ்சு’ என்று இறங்கியது. கிச்சிலி, கமலா என்ற பெயர்கள் ஒதுங்கிவிட்டன. ஈழத்தில் தோடம்பழம் இன்னும் நன்றாக இருக்கிறது.

சுவையும் இங்கே சாட்சி சொல்கிறது. அரபியர் சிசிலிக்குக் கொண்டுவந்தது இனிப்பு ஆரஞ்சு அல்ல. கசப்பும் புளிப்புமான வகை. இனிப்பு வகை பல நூற்றாண்டுகள் கழித்து வந்தது. அதைப் பரப்பியதில் போர்த்துகீசியருக்குப் பெரும்பங்கு உண்டு. அதனால்தான் நாபொலி மக்கள் ஆரஞ்சைப் ‘புர்துவால்லோ’ என்கிறார்கள்; கிரேக்கரும் அரபியரும்கூடப் போர்த்துகல் நாட்டின் பெயரால்தான் அதை அழைக்கிறார்கள். ஆகவே அரஞ்சா என்று சிசிலியில் முதலில் பெயர் பெற்ற பழம், தயிர்ச்சோற்றுக்கு நாம் உப்பில் ஊறவைக்கும் நாரத்தைக்கு நெருங்கியது.

உள்ளே இருக்கும் அரிசியின் பெயருக்கும் இதே பெருமையைத் தேட ஆசை வரும். தமிழ் அரிசியே கிரேக்கத்தில் ஒருசா ஆகி, இலத்தீன் வழியாக இத்தாலிய ‘ரீசோ’ ஆனது என்பது கால்டுவெல் காலத்திலிருந்து சொல்லப்படுவது. இன்றைய அறிஞர் பலர் கிரேக்கச் சொல்லை ஈரானிய மொழிகள் வழியே போனதாகவும், வடமொழி ‘விரீகி’க்கு உறவாகவும் காண்கிறார்கள். அந்த விரீகிக்கே மூலம் எது என்பதில் வழக்கு முடியவில்லை. நாரத்தை அளவுக்கு உறுதியாக அரிசியில் பேச முடியாது, பேசாமலிருப்பதே மரியாதை.

தமிழில் இதை என்னவென்று அழைப்பது? ‘அரிசி உருண்டை’ என்றால் வறுத்த மாவும் வெல்லமும் நினைவுக்கு வரும். அந்தப் பெயர் ஏற்கெனவே பதிவாகிவிட்டது. ‘பொரிகவளம்’ என்று ஆக்கிப் பார்த்தேன். ஓசை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கவளம் என்பது ஒரு வாய்க்கு உரியது. அரஞ்சினாவை ஒரே வாயில் போட யானையால்தான் முடியும். ‘நாரத்தையுருண்டை’ வேர்ச்சொல்லுக்கு நியாயம் செய்யும்; வாங்கியவர் உள்ளே ஊறுகாயைத் தேடுவார். சமையலறைக் கண்ணோடு பார்த்தால் மிக நெருங்குவது ‘சோற்றுப் போண்டா’. மேல்மாவு கடலைமாவல்ல, ரொட்டித் தூள் என்ற வேறுபாடு இருக்கிறது. ஆனாலும் தள்ளுவண்டிப் பலகையில் எழுத இதைவிடத் தெளிவான பெயர் எனக்குத் தோன்றவில்லை.

கட்டுரையிலும் சமையல் நூலிலும் அரஞ்சினா என்றே எழுதலாம்; பீட்சாவும் பாஸ்தாவும் நம்மிடம் ஆகார ஈற்றோடுதான் நிலைத்திருக்கின்றன. முதல்முறை வரும்போது மட்டும் ‘கறி பொதித்துப் பொரித்த சோற்றுருண்டை’ என்று விளக்கினால் போதும். கத்தானியாவைப் பற்றி எழுதும்போது அரஞ்சினோ என்று மாற்றிக்கொள்வது நல்லது. ரோமில் கிடைக்கும் சிறிய நீள்வடிவச் சோற்றுப் பொரியலைக் கண்டு இதுவும் அரஞ்சினாதான் என்று எழுதிவிடக் கூடாது. அதன் பெயர் சுப்ளி. நடுவில் பாலாடைக்கட்டி வைத்தது. ‘வியப்பு’ என்னும் பொருளுள்ள பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த பெயர்.

காரோட்டிப் போகிறவர்களுக்கு இனிப்புக் கடையில் இன்னும் சில பழைய உறவுகள் காத்திருக்கின்றன. கொண்டை வைத்த வட்ட ரொட்டியோடு மெசினாக்காரர்கள் காலையில் சாப்பிடும் கிரானீத்தா பனிக்கூழுக்கு அடுத்த வீடு சொர்பேத்தோ. அந்தப் பெயரும் நம் சர்பத்தும் ஒரே அரபு வேரில் கிளைத்தவை. பிஸ்கோத்தோ என்றால் ‘இருமுறை சுட்டது’. போர்த்துகீசியர் வாய்வழியாக நமக்குப் பிஸ்கோத்து. கன்னோலோவின் பெயர் நாணலிலிருந்து வந்தது. முன்பு நாணல் குழலில் மாவைச் சுற்றிப் பொரித்தார்கள். பலேர்மோவில் அந்தக் குழலின் இரு வாயிலும் ரிக்கோத்தா பிதுங்க, மேலே பாகில் ஊறிய ஆரஞ்சுத் தோல் ஒரு கீற்று வைப்பார்கள். அதற்கு அவர்கள் சொல் ‘அரஞ்சா கந்தீத்தா’. கந்தீத்தாவுக்கு மூலம் அரபு ‘கந்தி’, அதற்கு முன் வடமொழி ‘கண்ட’; கற்கண்டில் இருக்கும் கண்டும் அதன் உறவுதான். கன்னோலோவைக் கடையில் ஏற்கெனவே நிரப்பி வைத்திருந்தால் வாங்காதீர்கள். ரிக்கோத்தாவின் ஈரம் ஏறிக் குழல் நமுத்துப் போயிருக்கும். கேட்ட பிறகு நிரப்பிக் கொடுக்கும் கடையாகப் பார்த்துக் காரை நிறுத்துங்கள்.