புல்வெளியில் கல் எங்கே போகிறது?

இங்கிலாந்தில் கென்ட் பக்கம் மகள் வீட்டுக்குப் போயிருக்கும் வாசகி ஒருவர், மாலை நேரங்களில் ஊரைச் சுற்றியுள்ள வயல் பாதைகளில் நடக்கிறாராம். அங்கிருந்து ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார்: "வேலிக்கு இந்தப் பக்கம் உழுத வயல். கால் வைக்க முடியாத அளவுக்குக் கல். அந்தப் பக்கம் ஆடு மேய்கிற புல்வெளி. அதில் ஒரு கல்கூடக் கண்ணில் படவில்லை. இரண்டும் ஒரே மண்தானே? யாராவது பொறுக்கிவிட்டார்களா?"

யாரும் பொறுக்கவில்லை. கல்லெல்லாம் அங்கேயேதான் இருக்கிறது. ஒரு சாண் தோண்டிப் பார்த்தால் தெரியும்.

இதை அளந்து கண்டுபிடித்த இடமும் அவர் நடக்கும் பகுதியில்தான் இருக்கிறது. லண்டனின் மையத்திலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தெற்கே டவுன் (Downe) என்று ஒரு சிற்றூர். அன்று கென்ட் மாவட்டத்தில் இருந்தது. இன்று லண்டனின் புரோம்லி எல்லைக்குள் வருகிறது. ஆனாலும் போய் இறங்கினால் கிராமம்தான். தேவாலயம், இரண்டு மதுக்கடைகள், அதைத் தாண்டினால் வயல். இங்கிலாந்தில் ஊர்ப்புறப் பாதைகள் பலவற்றுக்குச் சட்டப்படி நடைவழி உரிமை உண்டு. அடுத்தவர் கோதுமை வயலின் நடுவே பாதை போனாலும் நாம் தாராளமாக நடக்கலாம், உரிமையாளர் தடுக்க முடியாது. டவுனைச் சுற்றி இப்படி நிறைய பாதைகள். அடியில் சாக்பீஸ் போன்ற வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை, அதன் மேல் களிமண், களிமண் முழுக்கச் சக்கிமுக்கிக் கற்கள். உழுத வயலில் கால் இடறுவது இந்தக் கற்களில்தான்.

1842-இல் சார்லஸ் டார்வின் குடும்பத்தோடு இங்கே குடியேறினார். சாகும் வரை, நாற்பது ஆண்டுகள், இங்கேதான் இருந்தார். தோட்டத்தின் கோடியில் மரங்களுக்கு நடுவே ஒரு நடைபாதை போட்டுக்கொண்டு தினமும் சுற்றினார். எத்தனை சுற்று என்று மறந்துவிடாமலிருக்க, திருப்பத்தில் சில சக்கிமுக்கிக் கற்களைக் குவித்து வைத்து, ஒரு சுற்றுக்கு ஒரு கல்லைக் காலால் தள்ளிவிடுவாராம்.

வீட்டுக்கு அருகில் ஒரு வயல் இருந்தது. 1841-இல் கடைசியாக உழுது, அப்புறம் புல்லுக்கு விட்டுவிட்டார்கள். அவருடைய சின்னப் பையன்கள் அந்தச் சரிவில் ஓடி இறங்கினால் கற்கள் கலகலவென்று மோதிச் சத்தம் போடும். இந்தக் கற்களெல்லாம் மண்ணுக்குள் மறைவதைப் பார்க்க நாம் உயிரோடு இருப்போமா என்று யோசித்ததாக அவரே எழுதியிருக்கிறார். முப்பது ஆண்டுகள் கழித்து, அதே வயலில் ஒரு குதிரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பாய்ந்து ஓடினாலும் லாடத்தில் ஒரு கல் படாது என்ற நிலை வந்துவிட்டது.

இன்னொரு வயலில் 1842 டிசம்பரில் சுண்ணாம்புக் கட்டிகளைப் பரப்பி வைத்தார். 29 ஆண்டுகள் பேசாமல் இருந்தார். 1871 நவம்பரில் குறுக்கே ஒரு பள்ளம் வெட்டச் சொன்னார். பள்ளத்தின் இரு சுவரிலும், மேலிருந்து 7 அங்குல ஆழத்தில், கோடு கிழித்தது போல வெள்ளைக் கட்டிகள் வரிசையாக இருந்தன. அதாவது 18 சென்டிமீட்டர், ஆண்டுக்கு ஏறக்குறைய 6 மில்லிமீட்டர்.

புதைத்தது யார்? மண்புழு. தமிழில் நாங்கூழ் என்று அதற்கு ஒரு பழைய பெயரும் உண்டு.

இந்த வேலை நடக்கும் விதம்தான் எனக்கு எத்தனை முறை நினைத்தாலும் அலுக்காதது. மண்புழுவுக்கு எலும்பு கிடையாது. இங்கிலாந்துப் புல்வெளிகளின் பெரிய மண்புழுவுக்கு உடம்பில் நூற்றுக்கும் மேற்பட்ட வளையங்கள். ஒவ்வொரு வளையமும் திரவம் நிறைந்த ஒரு தனி அறை. வளையத்தைச் சுற்றி ஓடும் தசை இறுகினால் அந்த இடம் ஒல்லியாகி நீளும். நீளவாக்கில் ஓடும் தசை இறுகினால் குட்டையாகிப் பருக்கும். திரவத்தை அமுக்கிச் சிறிதாக்க முடியாது என்பதால், ஒரு பக்கம் இறுக்கினால் மறுபக்கம் பிதுங்கியே தீர வேண்டும். புழு தன் முனையை ஒல்லியாக்கி மண் துகள்களுக்கு நடுவே நுழைக்கும், நுழைந்த இடத்திலேயே பருக்கும், மண் விலகும். பின்னுக்கு வழுக்காமலிருக்க ஒவ்வொரு வளையத்திலும் குட்டி முட்கள் ஊன்றிக்கொள்ளும்.

மண் விலகாத அளவுக்கு இறுக்கமாக இருந்தால்? தின்றுவிடும். கோழிக்கு இருப்பது போலவே இதற்கும் ஓர் அரைவைப்பை இருக்கிறது. மண்ணும் மக்கிய இலையும் அதில் அரைபட்டு, சத்து போக மிச்சம் வால்பக்கமாக வெளியே வரும். சில வகைப் புழுக்கள் இதை வளைக்குள்ளேயே விட்டுவிடும். வேறு சில, பின்பக்கமாகவே மேலே ஏறி வந்து, தரையில் பிழிந்து வைத்துவிட்டு உள்ளே போகும். மழை பெய்த மறுநாள் காலையில் குனிந்து பார்த்தால் தெரியும்: முறுக்கு உழக்கிலிருந்து விழுந்த மாவு போல, சுருள் சுருளாக, வழவழவென்று ஒரு சின்னக் குவியல். விரலால் தொட்டால் பட்டுப்போல நசுங்கும். அதில் ஒரு சிறு கல்லைக்கூடத் தேடி எடுக்க முடியாது.

இப்போது தரையில் கிடக்கும் ஒரு கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். புழுவால் அதை விழுங்க முடியாது. ஆனால் கல்லுக்கு அடியில் இருக்கும் மண்ணை விழுங்க முடியும். அந்த மண் மேலே போய்க் கல்லைச் சுற்றிக் குவிகிறது. மழை அதைக் கரைத்துப் பரப்புகிறது. கீழே புழு போன வளை வெறுமையாக இருக்கிறது. நாளடைவில் அது சரிந்து மூடும்போது கல் ஒரு மயிரிழை இறங்குகிறது. உறைகிணறு இறக்குவதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். உறையை யாரும் அடித்து இறக்குவதில்லை. உறைக்கு அடியிலிருக்கும் மண்ணைத் தோண்டி மேலே அனுப்புவார்கள், உறை தன் பாரத்திலேயே இறங்கும். புல்வெளியில் ஒவ்வொரு கல்லும் ஓர் உறை. கல் தானாக மூழ்குகிறது என்று நமக்குத் தோன்றினாலும், நடப்பதெல்லாம் மண் கீழிருந்து மேலே இடம் மாறுவதுதான். புழுக்கள் அதிகம் புழங்கும் ஆழத்துக்குக் கீழே போனதும் இறக்கம் நின்று, கற்கள் ஒரு படலமாகச் சேர்ந்துவிடும்.

வேலிக்கு இந்தப் பக்கம் கல் ஏன் மேலேயே கிடக்கிறது என்பதும் இதிலிருந்தே தெரிந்துவிடும். கலப்பை புதைந்த கல்லை மறுபடி புரட்டி மேலே போடுகிறது. புழுக்களின் வளைகளை உடைக்கிறது. தின்ன இலைச்சருகும் அங்கே குறைவு. போதாததற்கு, பனிக்காலத்தில் உறைந்து உப்பும் மண் கற்களை மேல்நோக்கித் தள்ளவும் செய்யும்.

அதனால்தான் பழைய நாட்களில் இங்கிலாந்தின் சில ஊர்களில் கல் வளரும், குட்டி போடும் என்று நம்பினார்கள். ஹார்ட்ஃபர்ட்ஷயர் பக்கம் கூழாங்கற்கள் பதிந்த ஒருவகைப் பாறைக்குத் தாய்க்கல் என்றே பெயர். ஆண்டுதோறும் பொறுக்கிப் போட்டும் அடுத்த உழவில் அதே அளவு கல்லைப் பார்க்கிற விவசாயி வேறு என்ன நினைப்பார்? அவர் பார்த்தது முழுக்க உண்மை, காரணம்தான் தவறு. மூடநம்பிக்கை என்று நாம் ஒதுக்கும் பலவற்றுக்குள் இப்படி ஒரு நல்ல கவனிப்பு ஒளிந்திருக்கிறது என்றே நினைக்கிறேன்.

இது தொடர்பாக டார்வின் முதல் கட்டுரையை நிலவியல் சங்கத்தில் படித்தது 1837-இல். மண்புழு பற்றிய புத்தகம் வெளிவந்தது 1881-இல், அவர் இறப்பதற்குச் சில மாதங்கள் முன்னால். நடுவே 44 ஆண்டுகள். இவ்வளவு சின்ன உயிர் இவ்வளவு பெரிய வேலை செய்யுமா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். சிறிய காரணம் இடைவிடாமல் தொடர்ந்தால் கூட்டுத்தொகை என்னவாகும் என்பதைப் பலரால் கணக்குப் போட முடிவதில்லை என்பது அவருடைய பதில். புழுக்களுக்குக் காது கேட்குமா என்று பார்க்க மகன் பசூன் என்ற பெரிய குழலை ஊதினார், புழுக்கள் அசையவில்லை. புழு இருந்த தொட்டியைப் பியானோ மேலேயே வைத்துக் கட்டையை அழுத்தியதும் அதிர்வு தாங்காமல் வளைக்குள் ஓடின. வளைகளிலிருந்து 227 காய்ந்த இலைகளை உருவி எடுத்து, எந்த முனையைப் பிடித்து இழுத்திருக்கின்றன என்று எண்ணினார். 181 இலைகள் கூர்முனைப் பக்கமாக உள்ளே போயிருந்தன. நுழைக்க எளிதான பக்கம் எது என்று புழுவுக்குத் தெரிகிறது!

டார்வினுக்குச் சொத்து இருந்தது, யாரிடமும் மானியம் கேட்கவில்லை. இன்று ஓர் இளம் ஆய்வாளர் "கட்டிகளைப் பரப்பிவிட்டு 29 ஆண்டுகள் காத்திருப்பேன்" என்று எழுதினால் எந்தக் குழு பணம் தரும்? மூன்று ஆண்டுகளில் முடிவு கேட்கும் திட்டங்களால் மண்ணைப் படிக்கவே முடியாது. நீண்ட காலம் பொறுத்திருந்து படிக்க முடியும் என்பதற்கு உதாரணமும் அதே நாட்டில் இருக்கிறது. ஹார்ப்பண்டன் ஊரில் உள்ள ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் 1856-இல் தொடங்கிய ஒரு புல்வெளிச் சோதனை இன்னும் நடக்கிறது. அங்கே ஆண்டுக்கணக்கில் அமோனியம் சல்ஃபேட் போட்டு, சுண்ணாம்பு இடாமல் விட்ட சில துண்டுகளில் மண் புளித்துப்போய் மண்புழுவே இல்லாமல் போனது. அந்த இடங்களில் செத்த புல் மக்காமல், கம்பளி விரித்தது போல மேலேயே தங்கிக் கிடக்கிறது. புழு இல்லாத புல்வெளி எப்படியிருக்கும் என்பதை ஒன்றரை நூற்றாண்டு பொறுமைதான் நமக்குக் காட்டியது.

வாசகிக்கு ஒரு வேண்டுகோள். டவுன் ஊருக்குப் போனால் டார்வின் வீட்டுப் புல்தரையில் ஒரு வட்டக் கல் கிடக்கும், நடுவில் துளையோடு, நம் ஊர்த் திரிகைக் கல் மாதிரி. அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். 1877-இல் டார்வினின் மகன் ஹொரஸ் தொடங்கிய சோதனை அது. இப்போது இருப்பது பின்னாளில் மறுபடி செய்து வைத்தது. துளை வழியாக உலோகக் கம்பிகளை ஆழத்தில் அடித்து இறக்கியிருந்தார்கள். கம்பி அசையாது, கல் இறங்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நுண்ணளவியால் அளந்து, ஆண்டுக்கு 2.22 மில்லிமீட்டர் என்று ஹொரஸ் வெளியிட்டது 1901-இல், தந்தை இறந்து 19 ஆண்டுகள் கழித்து. நான் போன அன்று இரவில் மழை பெய்திருந்தது. கல்லின் விளிம்பை ஒட்டி மூன்று குவியல்கள், ஈரம் காயாமல் இருந்தன.