பனிப்பாறை அன்று, கடற்பனிக்கட்டி

"எண்டூரன்ஸ் கப்பல் பனிப்பாறையில் மோதி மூழ்கியது." அந்தக் கப்பலின் சிதைவை 2022 மார்ச்சில் அண்டார்டிகாவை ஒட்டிய வெடல் கடலின் அடியில், 3,008 மீட்டர் ஆழத்தில் கண்டுபிடித்ததிலிருந்து இந்த வாக்கியம் ஏதாவது ஒரு வடிவில் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிறது. எண்டூரன்ஸ் எதன்மீதும் மோதவில்லை. 1915 ஜனவரியில் சுற்றிலும் கடல் உறைந்து இறுகி அதைப் பிடித்துக்கொண்டது. மாதக்கணக்கில் அந்தப் பிடியோடு சேர்ந்தே நகர்ந்தது. அக்டோபரில் அதன் மரச்சட்டங்கள் நெரிந்து உடையத் தொடங்கின, நவம்பரில் மூழ்கியது. பயணத்தின் தலைவர் ஷாக்கிள்டனும் அவருடைய ஆட்களும் அந்த மிதக்கும் கட்டிகளின் மேலேயே கூடாரம் அடித்து 1916 ஏப்ரல் வரை உயிர் பிழைத்துக் கிடந்தார்கள். மோதி மூழ்கியது டைட்டானிக். அது மோதியது நிலத்தில் பிறந்து, உடைந்து, கடலில் விழுந்து மிதந்து வந்த ஒரு மலைத்துண்டின்மீது. ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத இந்த இரண்டு பொருள்களுக்கும் நம் செய்தித்தமிழில் ஒரே சொல்தான்: பனிப்பாறை.

பிற மொழிகளில் இந்தக் குழப்பம் இல்லை. ஆங்கிலத்தில் 'சீ ஐஸ்', ஜெர்மனில் 'மேர்ஐஸ்', ஐஸ்லாந்து மொழியில் 'ஹாஃபீஸ்'. மூன்றும் கடல், பனிக்கட்டி என்ற இரண்டு சொற்களின் கூட்டு, அவ்வளவுதான். 'ஐஸ்பெர்க்' டச்சு வழியாக வந்தது; பனிக்கட்டி மலை என்று பொருள். பனியாற்றைக் குறிக்கும் 'கிளேசியர்' பிரெஞ்சுச் சொல். ஆர்க்டிக்கிலேயே வாழும் இனுயிட் மக்கள் கடலில் உறைந்ததைச் 'சிக்கு' என்பார்கள். அலாஸ்காவின் இனுப்பியாக் மொழியில் புதிதாக உறைந்த இளங்கட்டிக்குச் 'சிக்குலியாக்' என்று தனிச்சொல்லே உண்டு. ஓர் ஆய்வுக் கப்பலுக்கு அந்தப் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள்.

நம்முடைய 'பனி' பழைய சொல். முன்பனி, பின்பனி என்று இரண்டு பருவங்களே அதன் பெயரில் இருக்கின்றன. கண்ணீருக்கும் அது பெயர். பனித்தல் என்றால் நடுங்குதல். "வடாஅது பனிபடு நெடுவரை வடக்கும்" என்று புறநானூறு இமயத்தைச் சொல்லும்போது மலைமேல் படிந்த பனியைத்தான் சொல்கிறது. பனி பெய்யும், விழும், படியும். நீர் இறுகிக் கட்டியானதற்குப் பனிக்கட்டி என்ற சொல் பாடநூல்களில் நிலைத்துவிட்டது. அதில் எனக்கு வழக்கில்லை.

வழக்கெல்லாம் 'பாறை'யோடுதான். பனியாறு உடைந்து கடலில் மிதப்பதற்குப் பனிப்பாறை என்று பெயர் வைத்தால் பொருந்துகிறது. அது உண்மையிலேயே பாறைபோல உயர்ந்து நிற்கிறது. மலையில் மெல்ல இறங்கும் பனியாற்றையும் சிலர் பனிப்பாறை என்கிறார்கள். அதைக்கூட ஒருவாறு பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் கடல்நீர் உறைந்து உண்டாகும் படலத்தை அப்படிச் சொல்வது பொருளையே தலைகீழாக்குகிறது. கடல்நீர் ஏறத்தாழ மைனஸ் 1.8 டிகிரி செல்சியஸில் உறைகிறது. உறையும்போது உப்பை வெளியே தள்ளுகிறது. மிஞ்சிய உப்புநீர் நுண்ணிய பைகளாகக் கட்டிக்குள் தங்கி, மெல்ல மெல்லக் கீழே வடிகிறது. அதனால்தான் பல ஆண்டு பழகிய கட்டியை உருக்கினால் குடிக்க முடிகிறது. ஒரு குளிர்காலத்தில் உறைந்தது ஓரிரு மீட்டர் தடிப்பு. பல கோடைகளைத் தாண்டியது மூன்று, நான்கு மீட்டர். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் அகலத்துக்கு விரிந்து கிடக்கும் ஒரு மெல்லிய தோல் அது.

அந்தத் தோல் ஆண்டுதோறும் விரிந்து சுருங்குகிறது. ஆர்க்டிக்கில் மார்ச் மாதம் சுமார் ஒன்றரைக் கோடி சதுர கிலோமீட்டர். செப்டம்பரில் அதில் பாதிக்கும் கீழே. 1979 முதல் செயற்கைக்கோள்கள் தொடர்ந்து அளந்துவருவதில் மிகக் குறைந்த அளவு 2012 செப்டம்பரில் பதிவானது: சுமார் 34 லட்சம் சதுர கிலோமீட்டர். இந்தக் கணக்கில் ஓர் இடத்தைச் சேர்ப்பதற்கு அங்கே கடற்பரப்பில் குறைந்தது 15 சதவீதமாவது கட்டி மூடியிருக்க வேண்டும். இதை மொழிபெயர்க்கிறவர் "15 சதவீதப் பனிப்பாறை" என்று எழுதிவிட்டுப் போகிறார். 15 சதவீதப் பாறை என்றால் என்ன? எழுதியவருக்கும் தெரியாது, படிப்பவருக்கும் தெரியாது.

"வாசகனுக்குப் புரிகிறதே, போதாதா?" என்று கேட்பார்கள். புரியவில்லை என்பதுதான் என் வாதம். "ஆர்க்டிக் பனிப்பாறைகள் உருகுவதால் கடல்மட்டம் உயர்கிறது" என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கிரீன்லாந்தின் நிலத்தில் கிடக்கும் பனிவிரிப்பைப் பற்றி என்றால் அது உண்மை. அது முழுவதும் உருகினால் உலகக் கடல்மட்டம் ஏறத்தாழ ஏழு மீட்டர் உயரும். கடலில் உறைந்ததைப் பற்றி என்றால் அது பிழை. மிதக்கும் கட்டி தன் எடைக்கு ஈடான நீரை ஏற்கெனவே விலக்கிவிட்டது. அது உருகினாலும் மட்டம் ஏறுவது மிக மிகச் சொற்பம். அப்படியானால் அது உருகினால் கேடில்லையா? பெருங்கேடு, வேறு வழியில். பனி மூடிய கடற்பனிக்கட்டி தன்மேல் படும் வெயிலில் 80 சதவீதத்துக்கும் மேல் திருப்பி அனுப்பிவிடுகிறது. கட்டி போனபின் தெரியும் கறுத்த கடல்நீர் 90 சதவீதத்துக்கும் மேல் விழுங்கிக்கொள்கிறது. விழுங்கிய வெப்பம் மேலும் கட்டியை உருக்குகிறது. இரண்டையும் ஒரே சொல்லால் சொன்னால் வாசகன் மிதக்கும் கட்டியைக் கடல்மட்டத்துக்குக் காரணம் என்று நம்புவான். அல்லது ஆர்க்கிமிடீஸ் விதியைப் படித்த கையோடு விஞ்ஞானிகள் பொய் சொல்கிறார்கள் என்று முடிவு கட்டுவான். இரண்டு வகையினரையும் நான் பார்த்துவிட்டேன். பழி அவர்கள்மீதா, சொல்லைக் கொடுத்தவர்மீதா?

இந்தக் கட்டி எங்கே பிறக்கிறது என்பதில் வந்த குழப்பம் ஒரு காலத்தில் உயிர்களையே பலி கேட்டது. 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் டெய்ன்ஸ் பாரிங்டன் என்ற அறிஞர், கடல்நீர் உறையாது, மிதக்கும் கட்டியெல்லாம் ஆறுகளிலிருந்தும் கரையிலிருந்தும் வந்தது என்று வாதாடினார். அப்படியானால் கரையை விட்டு விலகிப் போனால் துருவம் வரை திறந்த கடல்தானே! 1773இல் அதை நம்பி, கடற்படை அதிகாரி ஃபிப்ஸ் தலைமையில் இரண்டு கப்பல்கள் புறப்பட்டன. பின்னாளில் கடற்படைத் தளபதியான நெல்சன் அவற்றில் ஒன்றில் சிறுவனாக இருந்தார். ஆர்க்டிக்கில் உள்ள ஸ்வால்பார்டு தீவுகளுக்கு வடக்கே கடல் இறுகி இரண்டையும் சிறைப்பிடித்தது. கப்பல்களைக் கைவிட்டுப் படகுகளைக் கட்டிகளின்மேல் இழுத்துச் செல்லும் நிலை வரை போய்த்தான் தப்பினார்கள். திறந்த துருவக்கடல் என்ற நம்பிக்கை அதோடும் சாகவில்லை. 1879இல் கிளம்பிய ஜெனெட் என்ற அமெரிக்கக் கப்பலும் அதை நம்பியே போனது. ஏறத்தாழ இரண்டு ஆண்டு சிக்கிக் கிடந்து 1881 ஜூனில் சைபீரியாவுக்கு வடக்கே நொறுங்கியது. அதன் பொருள்கள் 1884இல் கிரீன்லாந்தின் தென்மேற்குக் கரையில் ஒதுங்கின. கட்டிகள் துருவத்தைக் கடந்து ஊர்கின்றன என்று அதிலிருந்து ஊகித்த நார்வே ஆய்வாளர் நான்சென், ஃப்ராம் என்ற கப்பலை வேண்டுமென்றே உறைய விட்டு, 1893 முதல் 1896 வரை அந்த ஊர்தலைத் தன் கப்பலாலேயே நிரூபித்தார்.

மாற்றாக முன்வைக்கப்படும் சொற்களுக்கு வருவோம். 'கடற்பனி' சுருக்கமானது, ஆனால் கடல்மேல் இறங்கும் மூடுபனி என்றே தமிழ்க் காதில் விழும். மேலும், ஆழ்கடலுக்குள் ஓயாமல் உதிரும் நுண்ணுயிர்க் கழிவுத் துகள்களுக்கு ஆங்கிலத்தில் கடலின் பனி என்றே பெயர். அந்தச் சொல்லை அதற்கு விட்டுவைப்பது நல்லது. 'கடல் உறைபனி'யும் ஒவ்வாது. ஊட்டியில் நீர்ப்பனி முடிந்து புல்மேல் வெள்ளையாகப் படிவதற்கு உறைபனி என்ற பெயர் நின்று நிலைத்துவிட்டது. 'உறைகடல்' அழகான வினைத்தொகை. கி.மு. நான்காம் நூற்றாண்டில் வடக்கே போன கிரேக்க மாலுமி பித்தியாஸ், தூலே என்ற இடத்துக்கு அப்பால் உறைந்த கடல் இருப்பதாகச் சொன்னார். அதற்கு வழங்கிய கிரேக்க வினை, பால் தயிராக உறைவதற்கும் வழங்குவது. நம் 'உறை'யும் அப்படியே. ஆனாலும் உறைகடல் கடலின் பெயர், கட்டியின் பெயர் அன்று. "ஒரு துண்டு உறைகடல்" என்று எழுத முடியாது. முழு வெளியையும் குறிக்க அதை வைத்துக்கொள்ளலாம். பொருளுக்குக் 'கடற்பனிக்கட்டி'யே தகும். நீளம் என்பார்கள். காலநிலை மாற்றம் என்ற தொடரை நாள்தோறும் எழுதும் கைக்கு இந்த நீளம் ஒரு சுமையா?

இந்தச் சொல்லை அடிப்படையாகக் கொண்டால் மற்றவையும் தாமாக வரிசையில் வரும்: ஓராண்டுக் கட்டி, பல்லாண்டுக் கட்டி, மிதவைக் கட்டி. அலையில் ஒன்றோடொன்று உரசி, விளிம்பு மேலெழும்பி, வட்ட வட்டமாக மிதக்கும் ஒரு வகை உண்டு. அதை 'பான்கேக் பனி' என்று அப்படியே எழுத்துப் பெயர்த்துவைக்கிறார்கள். நடுவே தட்டையாக, ஓரம் உயர்ந்திருக்கும் ஒன்றுக்கு நம் அடுப்படியிலேயே பெயர் இருக்கிறது: அப்பக் கட்டி என்று எழுதலாமே.