பால் தொட்டியின் கணக்கும் மண்ணின் கணக்கும்

கறவை மாடு வளர்ப்பவர் தம் மேய்ச்சல் முறையை மாற்றினால், அதன் விளைவை ஓரிரு நாள்களிலேயே பால் தொட்டியின் அளவுகோலில் பார்த்துவிடுகிறார். மண் அவ்வளவு விரைவாகப் பதில் சொல்வதில்லை. வேர்கள் ஆழமாக இறங்கவும், மண்புழுக்கள் பெருகவும், மழைநீர் வழிந்தோடாமல் உள்ளே ஊறவும் ஆண்டுகள் ஆகும். மண்வளத்தை மீட்டெடுக்கும் வேளாண்மையைப் பரிந்துரைப்போர் பலர், பால்பண்ணையாளர்களின் தயக்கத்தை அறியாமை என்று எண்ணிவிடுகின்றனர். அது தவறு என்பதே என் கருத்து. இழப்பு முன்னாலும் பயன் பின்னாலும் வரும் ஒரு வேலையில், இடைப்பட்ட காலத்தைத் தனியொருவர் தாங்குவது கடினம். கருவி, ஆள்பலம், அளவீடு ஆகியவற்றைப் பலர் பொதுவில் வைத்துக்கொண்டால் அந்தச் சுமை எப்படிக் குறைகிறது என்பதைப் புரிந்துகொள்ள, முதலில் புல் வளரும் விதத்தைப் பார்க்க வேண்டும்.

மிதமான தட்பவெப்பம் உள்ள நாடுகளின் பால்பண்ணைகளில் பரவலாகக் காணப்படும் ரைகிராஸ் புல்லின் ஒவ்வொரு தூரிலும் (அடியிலிருந்து கிளைக்கும் தண்டிலும்) ஏறக்குறைய மூன்று இலைகளே ஒரே நேரத்தில் உயிருடன் இருக்கும். நான்காவது இலை விரியும்போது முதல் இலை பழுத்துக் காய்ந்துவிடும். மாடு கடித்துச் சென்ற பிறகு, தண்டின் அடியில் சேமித்து வைத்த சர்க்கரையைச் செலவிட்டுத்தான் புல் தன் முதல் இலையை விரிக்கிறது. அந்த நாள்களில் வேர் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுபோகிறது. இரண்டாம், மூன்றாம் இலைகள் வந்த பின்னரே சேமிப்பு மீண்டும் நிரம்புகிறது. முதல் இலையிலேயே மாடு திரும்பி வந்து கடித்தால் புல் கடனில் விழுகிறது. அதிக நாள் காத்திருந்தால் தீவனம் முற்றி வீணாகிறது. அதிக மேய்ச்சல் என்பது மாடுகளின் எண்ணிக்கையைக் காட்டிலும் நேரத்தைப் பொறுத்தது என்று பிரான்சைச் சேர்ந்த ஆந்த்ரே வுவாசன் 1950களில் வலியுறுத்தியதன் அடிப்படை இதுவே. நிலத்தை மின்வேலியால் சிறு துண்டுகளாகப் பிரித்து, மாடுகளை அடிக்கடி இடம் மாற்றி, மேய்ந்த துண்டுக்குப் போதிய ஓய்வு தருவது இந்தக் கணக்கிலிருந்து பிறந்த முறையாகும்.

அடுத்தது தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். புல்லோடு குளோவர் போன்ற பயறுவகைச் செடிகளைக் கலந்து வளர்த்தால், அவற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருகின்றன. செடி செழித்து வளரும் நிலத்தில் இது ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 100 கிலோவைத் தாண்டக்கூடும். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. மண்ணில் உர நைட்ரஜன் தாராளமாக இருக்கும்வரை குளோவர் தன் முடிச்சுகளுக்குச் சர்க்கரை கொடுத்து வேலை வாங்குவதில்லை. எனவே உரத்தைக் குறைத்தாக வேண்டும். ஆனால் குளோவர் பிடித்த நைட்ரஜன் பக்கத்துப் புல்லுக்கு உடனே கிடைத்துவிடாது. அதன் வேர்களும் முடிச்சுகளும் மடிந்து மட்கிய பிறகும், மேய்ந்த மாட்டின் சாணம், சிறுநீர் வழியாகவும்தான் பெரும்பகுதி போய்ச் சேர்கிறது. உரம் நின்று, குளோவர் இன்னும் கைகொடுக்காத அந்தப் பருவத்தில் புல் மெலிகிறது, தொட்டியில் பால் குறைகிறது. முயற்சி கைவிடப்படுவதற்கு மிகவும் ஏதுவான நேரம் அது.

பகிர்வு அந்தப் பருவத்தின் செலவைத் தொடுகிறது. புல்தரையை உழாமல், அதன் இடையே கீறி விதையிடும் கருவி விலை உயர்ந்தது. ஒரு பண்ணைக்கு அது ஆண்டில் சில நாள்களே தேவைப்படும். பிரான்சில் 1945 முதல் சட்ட வடிவம் பெற்ற கூமா என்னும் கூட்டுறவுகள் இப்படிப்பட்ட கருவிகளை உறுப்பினர்களின் பொதுச் சொத்தாக வாங்கி வைக்கின்றன. ஜெர்மனியின் பவேரியாவில் 1958இல் எரிக் கையர்ஸ்பெர்கர் தொடங்கிய இயந்திர வளையங்கள் வேறு வழியில் செல்கின்றன: கருவி ஒருவருக்கே சொந்தம், அதன் வேலைநேரம் மட்டும் மற்றவர்களுக்குக் கட்டணத்துடன் பகிரப்படுகிறது. ஒருவர் நோயுற்றால் அவருடைய பண்ணையைக் கவனிக்க உதவியாளரை அனுப்பும் ஏற்பாடும் இவ்வளையங்களில் உண்டு. எந்தக் கருவியையும் விட இதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். நாள்தோறும் இரண்டு வேளை பால் கறக்க வேண்டிய ஒருவருக்கு, இன்னொரு பண்ணைக்குப் போய்ப் பார்த்து வருவதற்கான அரைநாள்கூட எளிதில் கிடைப்பதில்லை.

விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் பொதுவாகவே இருக்கும் வளங்களும் உண்டு. ஒரு மாடு ஒரு நாளில் பத்துக்கும் மேற்பட்ட முறை சாணமிடுகிறது. சாண வண்டுகள் அந்தச் சாணத்தை மண்ணுக்குள் இழுத்துப் புதைக்கின்றன. அவை துளைத்த வழிகளில் காற்றும் நீரும் இறங்குகின்றன. ஆஸ்திரேலியாவின் சொந்த வண்டுகள் கங்காருவின் உலர்ந்த புழுக்கைக்குப் பழகியவை என்பதால், மாட்டுச் சாணம் அப்படியே காய்ந்து புல்லை மூடியும் ஈக்களைப் பெருக்கியும் வந்தது. 1968 முதல் அந்நாட்டு ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓ வெளிநாட்டு வண்டுகளைக் கொண்டுவந்து விட வேண்டியதாயிற்று. குடற்புழு நீக்கத்துக்குக் கொடுக்கப்படும் ஐவர்மெக்டின் சாணத்தில் வெளியேறி, அதில் வளரும் வண்டுப் புழுக்களைக் கொல்கிறது. வண்டு வேலி பார்த்துப் பறப்பதில்லை. ஆகவே ஒரு பண்ணையில் மருந்து கொடுக்கும் காலம் அண்டைப் பண்ணையின் மண்ணையும் பாதிக்கும்; சாணத்தைச் சோதித்து, தேவைப்படும் மாடுகளுக்கு மட்டும் மருந்து கொடுப்பதென அண்டைப் பண்ணைகள் சேர்ந்து முடிவெடுத்தால்தான் முழுப் பயன் கிட்டும்.

பகிர வேண்டியவற்றுள் அளவீட்டையும் சேர்க்கிறேன். 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஓர் இரும்பு வளையத்தை மண்ணில் அழுத்தி, 440 மில்லி தண்ணீரை ஊற்றினால், அது 25 மில்லிமீட்டர் மழைக்குச் சமம். நீர் முழுவதும் மறைய எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்த்தால் போதும். ஒரே பண்ணையில் ஒருமுறை செய்தால் அந்த எண்ணுக்குப் பெரிய பொருள் இல்லை. ஒரே வகை மண்ணுள்ள ஆறு பண்ணைகளில் ஒரே வாரத்தில் செய்து பார்க்கும்போதுதான், இறுகிய மண்ணில் நீர் தேங்கி நிற்பதும் ஓய்வு கிடைத்த மண்ணில் விரைந்து மறைவதும் கண்ணெதிரே ஒப்பிடக் கிடைக்கின்றன. மண்ணின் மெதுவான மாற்றத்துக்கு, பால் தொட்டியின் அளவுகோலைப் போல ஓர் அளவுகோல் இப்படித்தான் உருவாகிறது.

நெல்லில் புகையான் என்னும் பூச்சியின் தாக்குதலை எதிர்கொள்ள 1989இல் இந்தோனேசியாவில் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு தொடங்கிய உழவர் வயல்வெளிப் பள்ளி, பின்னர் டென்மார்க்கின் இயற்கைவழிப் பால்பண்ணைகளுக்குத் தொழுவப் பள்ளியாக வந்து சேர்ந்தது. நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளின் பயன்பாட்டைக் குறைப்பது அங்கே நோக்கம். சிறு குழு முறைவைத்து ஒவ்வொரு பண்ணைக்கும் செல்கிறது; அந்தப் பண்ணையாளர் தமக்குக் கைகூடிய ஒன்றையும், தீராத இரு சிக்கல்களையும் முன்வைக்கிறார். ஆலோசனை சொல்பவரும் அடுத்த முறை தம் தொழுவத்தைத் திறந்து காட்ட வேண்டியவர் என்பதால், பேச்சில் பொய்ப் பெருமைக்கு இடம் குறைவு.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். மண்ணில் சேரும் கார்பனுக்கு எல்லை உண்டு. சில பத்தாண்டுகளில் சேமிப்பு நிரம்பிவிடும். மாடு ஏப்பமிடும், புவியைச் சூடாக்கும் மீத்தேன் வாயுவை அது ஈடுசெய்துவிடும் என்று வாக்களித்துப் பண்ணையாளரை இதில் சேர்ப்பது முறையன்று. நீர் ஊறுவதும் உரச் செலவு குறைவதுமே போதிய காரணங்கள்.

பொதுவில் வைத்தால் எல்லாம் சீரழியும் என்ற அச்சத்துக்கு, 2009இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற எலினார் ஆஸ்ட்ரம் காட்டிய சான்றுகளுள் ஒன்று சுவிட்சர்லாந்தின் டோர்பெல் கிராமம். குளிர்காலத்தில் தம் தீவனத்தால் எத்தனை பசுக்களுக்கு உணவிட முடியுமோ அத்தனையை மட்டுமே பொதுப் புல்வெளிக்கு அனுப்பலாம் என்று அங்கே 1517இல் விதி செய்தார்கள். எண்ணிச் சரிபார்க்க எளிதான விதி அது. கூட்டுக் கருவிக்கும் அத்தகைய விதிகள் தேவை. மழை பெய்த மறுநாள் எல்லோருக்கும் விதைக் கருவி வேண்டும். சென்ற ஆண்டு முதலில் பெற்றவர் இவ்வாண்டு கடைசியில் பெறுவார் என்று முன்கூட்டியே எழுதி வைத்தால் சண்டை குறையும். சாணக் கரைசலை வயலில் தெளிக்கும் வண்டிக்கு இன்னும் கடுமையான விதி வேண்டும். மாடுகளின் குடலைத் தாக்கும் ஜோனிஸ் நோயின் பாக்டீரியா சாணத்திலும் மண்ணிலும் பல மாதங்கள் உயிர்த்திருக்கும், அது இளங்கன்றுகளையே எளிதில் பற்றும். ஆகவே தொட்டியையும் சக்கரங்களையும் கழுவி, கழுவியவர் பெயரையும் நேரத்தையும் குறிப்பேட்டில் எழுதாமல் அந்த வண்டி அடுத்த பண்ணையின் வாயிலைத் தாண்டக் கூடாது; எந்தப் பண்ணையிலும் கன்றுகள் மேயும் துண்டில் அது இறங்கவே கூடாது.