செட்டிநாட்டுச் செம்மண்ணில் சைக்கிள் டிரெயில்: முதல் வேலை தண்ணீரைப் பார்ப்பது

மவுண்டன் பைக் என்றாலே மலை வேண்டுமே என்பவர்கள் உண்டு. வேண்டியதில்லை. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் கிடக்கும் செம்மண் மேடும் சரளைப் பொட்டலும் தைல மரத் தோப்பும் போதும். அதற்குள் 2 அடி அகலத்தில் வளைந்து வளைந்து போகும் ஒற்றைத்தடம்தான் டிரெயில். ஆனால் தட்டையான நிலத்தில் தடம் போடுவது மலைச்சரிவில் போடுவதைவிடச் சிரமம். சரிவில் விழும் மழை தானாக வழிந்துவிடும். இங்கே நாம் ஒரு கோடு கீறினால் அதையே வாய்க்காலாக்கிக்கொள்ளும்.

அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. இந்தப் பக்கத்து ஊர்கள் ஊருணியையும் கண்மாயையும் நம்பி எழுந்தவை. அவற்றுக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால்கள் கோடையில் கண்ணுக்கே தெரியாது; ஆடு நடந்த பள்ளம் போலத்தான் இருக்கும். அதன் குறுக்கே அரை அடி உயரத்துக்கு மண்ணைக் கொட்டினால் போதும், மேற்காட்டுத் தண்ணீர் திசைமாறிப் போய்விடும். சைக்கிள் ஓட்டத் தடம் போட்டவர்களால் ஊருணி நிறையவில்லை என்ற பேச்சு ஊரில் ஒருமுறை வந்துவிட்டால் அதோடு டிரெயில் முடிந்தது. முடிவதும் நியாயம்தான்.

அதனால் மண்வெட்டியைத் தொடுமுன் ஒரு ஐப்பசி மழையில் குடையோடு அந்த நிலத்தை நடந்து பாருங்கள். தண்ணீர் எங்கே தேங்குகிறது, எங்கே ஓடுகிறது, எந்த வரத்துக்காலில் சேர்கிறது என்று பார்த்து, கல்லில் பெயிண்ட் அடித்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஆடு மேய்ப்பவர்களிடமும் கேளுங்கள். எந்தப் பள்ளத்தில் எத்தனை நாள் ஈரம் நிற்கும் என்பது எந்த வரைபடத்தையும்விட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

அடுத்தது சரிவை அளப்பது. விலை உயர்ந்த கருவி வேண்டாம், கொத்தனாரிடம் இருக்கும் டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய குழாய்) போதும். 10 மீட்டர் இடைவெளியில் இரண்டு கம்புகளை நட்டுத் தண்ணீர் மட்டத்தைப் பாருங்கள். 30 செ.மீ. வித்தியாசம் என்றால் 3 சதவீதச் சரிவு. டிரெயில் போடுபவர்கள் உலகமெங்கும் வைத்திருக்கும் கணக்கு ஒன்று உண்டு: தடத்தின் சரிவு, அது கடக்கும் நிலத்தின் சரிவில் பாதியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் தண்ணீர் தடத்தைக் குறுக்கே கடக்காமல் தடத்திலேயே இறங்கி ஓடும். பிரான்மலை அடிவாரம் மாதிரி நல்ல சரிவுள்ள இடத்தில் இந்தக் கணக்கு இடம் கொடுக்கும். 30 சதவீதச் சரிவில் 10 சதவீதத் தடம் நிம்மதியாக நிற்கும். ஆனால் காரைக்குடிப் பொட்டலில் நிலச்சரிவு 4 சதவீதம் என்றால் தடத்துக்குக் கிடைப்பது வெறும் 2. சமமட்டக் கோட்டை, அதாவது ஒரே உயரத்தில் போகும் கோட்டை ஒட்டியே நெளிந்து நெளிந்து போக வேண்டும். மேட்டிலிருந்து நேராக இறக்கிவிட்டால் ஓட்டத்துக்கு ஜோராகத்தான் இருக்கும். மழைக்காலம் முடியும்போது நடுவில் ஒரு சாண் ஆழத்துக்கு ஓடை விழுந்திருக்கும். ஓட்டுபவர்கள் அதைத் தவிர்த்து ஓரமாகப் போவார்கள், அந்த ஓரமும் தேயும். 2 அடித் தடம் 6 அடியாவது இப்படித்தான்.

தடத்தின் மேற்பரப்பு தாழ்வான பக்கம் 5 சதவீதம் சாய்ந்திருக்க வேண்டும். 60 செ.மீ. அகலத்துக்கு 3 செ.மீ. இறக்கம் என்று கணக்கு. இதுமட்டும் போதாது. சக்கரம் ஓட ஓட நடுப்பகுதி அமுங்கி, ஓரத்தில் வரப்பு மாதிரி மண் எழும்பிவிடும். ஆகவே 10 முதல் 15 மீட்டருக்கு ஒருமுறை தடமே சற்று இறங்கி ஏற வேண்டும். அந்த இறக்கத்தில் தாழ்வான பக்கமாக அரைவட்டத்தில் மண்ணைச் சீவி விடுங்கள். நீளம் 3 மீட்டர், வெளி விளிம்பில் ஆழம் 10 முதல் 15 செ.மீ. சீவிய வாய் வெளியே உள்ள தாழ்ந்த தரையோடு சேர்ந்தால்தான் தண்ணீர் போகும். சேராவிட்டால் நீங்கள் வெட்டியது ஒரு குட்டை. குறுக்கே கட்டை போட்டுத் தண்ணீரைத் திருப்பும் பழக்கம் வேண்டாம். கட்டைக்குப் பின்னால் வண்டல் சேர்ந்து அடுத்த மழையில் தண்ணீர் அதன் மேலேறி ஓடும். ஈரக் கட்டையில் டயரும் வழுக்கும்.

தண்ணீரை வெளியேற்ற வழியே இல்லாத இடத்தில் தடத்தை 10 முதல் 15 செ.மீ. உயர்த்துங்கள். அந்த நீளத்துக்குள் வரத்துக்கால் எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு தொடங்குங்கள். கண்மாய் வண்டல் பக்கத்திலேயே கிடக்கிறதே என்று அள்ளிவர வேண்டாம். அனுமதி ஒருபுறம் இருக்கட்டும், அந்தக் களிமண் மழையில் டயரோடு ஒட்டிக்கொண்டு வரும், வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும். செம்மண்ணும் பொடிச்சரளையும் கலந்ததுதான் வேண்டும். ஒரு கைப்பிடி எடுத்துப் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், தண்ணீர் கசியக் கூடாது. அந்தப் பதத்தில் 10 செ.மீ. கனத்துக்குப் பரப்பித் திம்மிசுக் கட்டையால் இடித்து, பிறகு அடுத்த அடுக்கு. காய்ந்த செம்மண்ணை எவ்வளவு இடித்தாலும் சேராது. சித்திரை வெயிலில் சரளை தனியாகப் பிரிந்து கோலிக்குண்டாய் உருளும், வளைவில் முன்சக்கரம் வாரிவிடும். வேலைக்கு ஏற்ற காலம் தையும் மாசியும்; மண்ணில் ஈரம் மிச்சமிருக்கும், மழை பயமும் இல்லை.

வரத்துக்காலைக் கடக்க வேண்டியிருந்தால் செங்குத்தாகக் கடந்துவிடுங்கள். காலின் அடிமட்டத்தை உயர்த்தாமல் பள்ளம் தோண்டி, செம்புறாங்கல்லை மூன்றில் இரண்டு பங்கு புதைத்து, மேல்முகம் பழைய தரைமட்டத்தைத் தாண்டாதபடி பதிக்க வேண்டும். இரு கரையிலும் சக்கரம் ஏறும் இடத்துக்கும் கல் போடுங்கள், முதலில் கரைவது அதுதான்.

கண்மாய்க் கரை மேல் ஓட்டவே வேண்டாம். காட்சி அழகாகத்தான் இருக்கும். ஆனால் சக்கரம் போன இடத்தில் கரை தாழும். கண்மாய் பெருகி, மிகுநீர் வெளியேறும் கலுங்கு வழிந்தும் போதாத நாளில் அந்தத் தாழ்ந்த இடத்தில்தான் தண்ணீர் முதலில் ஏறும், கரையும் அங்கேதான் உடையும்.

அனுமதி விஷயத்தில் நிலம் யாருடையது என்பதை வருவாய் ஆவணத்தில் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். 40 ஹெக்டேருக்குக் குறைவான ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ள கண்மாய்கள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு, பெரியவை நீர்வளத் துறையிடம். மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைகளில் வரைபடத்தோடு போய்ப் பேசுவது நல்லது. கோவில் காடுகளைத் தொடாதீர்கள். திருமயம் கோட்டை போன்ற பாதுகாக்கப்பட்ட சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டுமானம் எதற்கும் இடமில்லை. வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயப் பக்கம் வலசைக் காலத்தில் போகவே வேண்டாம். கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதையே விட்டவர்கள். தை மாதம் பழனிக்குக் காவடியோடு போகும் பாதயாத்திரைக் கூட்டம் குன்றக்குடி வழியாகப் போகும். அந்த வழியை ஒட்டிய தடங்களை அப்போது மூடிவிடுங்கள்.

இனி முள். சீமைக்கருவேலத்தை (அனுமதி வாங்கித்தான்) தரைமட்டத்தில் வெட்டினால் இரண்டு மாதத்தில் கொத்தாகத் துளிர்க்கும். ஒரு அடி ஆழம் தோண்டி வேர்க்கழுத்தோடு எடுக்க வேண்டும். வெட்டிய கிளையைத் தடத்தோரம் போடக்கூடாது. காய்ந்த முள் பச்சை முள்ளைவிட மோசம். கரிமூட்டம் போடுபவர்களிடம் கொடுத்துவிடலாம். மண்ணைக் கிளறிய இடத்தில் ஆட்டுப் புழுக்கையோடு விழுந்த விதைகள் முளைக்கும். கார்த்திகை, மார்கழியில் ஈரம் இருக்கும்போது கையால் பிடுங்கினால் வேரோடு வரும். தடத்துக்காக முள்ளை ஒதுக்கும் இடம் 5 அடி அகலம், 8 அடி உயரம் போதும். அதற்கு மேல் வெட்டினால் நிழல் போகும், வேகம் கூடும். குவிந்த சருகில் கையை விடாதீர்கள், கம்பால் தள்ளுங்கள். சுருட்டை விரியன் இந்தக் காட்டுக்குச் சொந்தக்காரன். இருட்டிய பிறகு அவன் நேரம்.

பராமரிப்பை ஆளுக்கு 500 மீட்டர் என்று பிரித்துக் கொடுத்தால் நடக்கும். 'எல்லோரும் பார்த்துக்கொள்வோம்' என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள். புரட்டாசிக்குள் சீவிய வாய்களில் அடைத்த மண்ணை எடுத்துவிட வேண்டும், வருடத்தின் மிக முக்கியமான வேலை இதுதான். 250 மீட்டருக்கு ஒரு கல்லில் எண் எழுதுங்கள். யாராவது விழுந்தால் 108க்கு இடம் சொல்ல உதவும்.

மழைக்குப் பிறகு எப்போது திறப்பது? தடத்தில் குதிகாலால் அழுத்திப் பாருங்கள். ஒரு செ.மீ.க்கு மேல் பதிந்தால் அன்று மூடல். செம்மண் சீக்கிரம் இறுகும், பெரும்பாலும் ஓரிரு நாள் வெயில் போதும். வண்டல் கலந்த பள்ளங்களுக்கு ஒரு வாரம் கொடுங்கள்.