தூங்கும் விலைப்பலகை: வெள்ளி நாணயம் வாங்குவோர் கவனத்துக்கு

இந்த மாதத்தில் இவர் நாலாவது ஆள். எதிரே உட்கார்ந்ததும் போனை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார். ஒரு நாணய வியாபாரியின் இணையதளம், ஸ்கிரீன்ஷாட்டாக. ஒரு அவுன்ஸ் வெள்ளி நாணயம் 20, முழுப் பணமும் கட்டியாகிவிட்டது. விரலால் தள்ளி அடுத்த படத்தைக் காட்டினார். ஒன்பது நாள் கழித்து வந்த மின்னஞ்சல் அது. விலைப் பதிவில் பிழை நேர்ந்துவிட்டதாம், அதனால் ஆர்டர் ரத்தாம், பணம் ஏழு வேலை நாட்களில் திரும்பி வருமாம்.

“மேடம், அவங்க போட்ட விலைக்குத்தானே வாங்கினேன்? இப்போ பேச்சு மாறலாமா?”

“உங்க பணம் திரும்பி வந்ததும் எத்தனை நாணயம் வாங்க முடிஞ்சது தம்பி?”

“17.”

மூன்று நாணயம் போய்விட்டது. யாரும் திருடவில்லை, தபாலில் தொலையவில்லை. பணம் பைசா குறையாமல் திரும்பி வந்தது. ஆனாலும் மூன்று அவுன்ஸ் வெள்ளி அவர் கையில் இல்லை. நாணயங்களை எடைபோட்டுச் சோதித்து மதிப்புச் சொல்வதுதான் என் வேலை. இப்போதெல்லாம் வாங்கிய நாணயத்தோடு வருகிறவர்களுக்கு இணையாக, வாங்க முடியாமல்போன நாணயத்தின் கதையோடும் ஆட்கள் வருகிறார்கள். நாலு பேரிடமும் சொன்னதையே இங்கே எழுதிவைக்கிறேன்.

நாலு பேரும் ஒரே நினைப்பில்தான் மாட்டியிருக்கிறார்கள். “சந்தையில் விலை ஏறிவிட்டது, இவர் தளத்தில் மாற்ற மறந்துவிட்டார், நாம் முந்திக்கொள்வோம்.” இந்த நினைப்பைக் கேட்கும்போதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. பழைய விலை உங்களுக்குக் கிடைத்த சலுகை என்று தயவுசெய்து எண்ணாதீர்கள். அந்த விலையில் பொருளைத் தருவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் இடத்தில் வியாபாரி இருக்கிறார், நீங்கள் இல்லை. நீங்கள் பணத்தைக் கட்டிவிட்டீர்கள், உங்கள் கை கட்டிக்கிடக்கிறது. அவர் கை சும்மா இருக்கிறது.

இரண்டு பக்கமும் போட்டுப் பாருங்கள். சந்தை 100 ஆக இருந்தபோது அவர் 115 என்று எழுதினார், அப்படியே விட்டுவிட்டார். சந்தை 120க்குப் போனது. நீங்கள் 115 கட்டுகிறீர்கள். அவர் அதே நாணயத்தை மறுபடி வாங்கிவைக்க 120க்கு மேல் கொடுக்க வேண்டும், அதனால் “பிழை” என்று ரத்து செய்கிறார். சரி, சந்தை 85க்கு இறங்கியது என்று வைத்துக்கொள்வோம். தளத்தில் அப்போதும் 115தான். நீங்கள் 115 கட்டுகிறீர்கள். இப்போது ரத்து வருமா? மறுநாளே பார்சல் கிளம்பிவிடும். ஏறினால் ரத்து, இறங்கினால் வியாபாரம். இரண்டாவது வகையில் ஏமாந்தவர்கள் என்னிடம் புகாரோடு வருவதே இல்லை, ஏமாந்ததே அவர்களுக்குத் தெரியாது. என்றைக்கோ ஒருநாள் விற்க வரும்போதுதான், பழைய இன்வாய்ஸைப் பார்த்து அன்றைய விலையை நான் எடுத்துக்காட்டினால், முகம் வாடிப்போகிறது.

“சட்டப்படி கொடுத்துத்தானே ஆகணும்?” என்கிறார்கள். ஆர்டர் போடும்போது ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று ஒரு சின்னக் கட்டத்தை டிக் செய்தீர்களே, அதற்குள் என்ன இருக்கிறது என்று படித்தீர்களா? பெரும்பாலான நாணய வியாபாரிகளின் நிபந்தனைகளில் இரண்டு வரி தவறாமல் இருக்கும். விலை தவறாகப் பதிவாகியிருந்தால் ஆர்டரை ரத்து செய்ய வியாபாரிக்கு உரிமை உண்டு, இது ஒன்று. வாங்குபவர் பின்வாங்கினால், அதற்குள் சந்தை இறங்கியிருக்கும் பட்சத்தில் அந்த நஷ்டத்தை வாங்குபவரே ஏற்க வேண்டும், இது இன்னொன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். இரண்டாவது வரியில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன், விலை பார்த்துப் பின்வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் விலையை ஒழுங்காக மாற்றும் வேலையைச் செய்யாதவர், முதல் வரியின் பின்னால் ஒளிந்துகொள்வது நியாயமே இல்லை.

இந்தக் குழப்பத்துக்கு வேர் ஒரு பழைய பழக்கம். வெள்ளிக்கு ‘இன்றைய விலை’ என்று ஒன்று உண்டு, நாளுக்கு ஒருமுறை மாறும் என்று பலரும் நம்புகிறார்கள். லண்டனில் 1897 முதல் நாளுக்கு ஒருமுறை விலை நிர்ணயிக்கிறார்கள். 2014 ஆகஸ்டில் அது மின்னணு ஏலமாக மாறியது, இன்றும் அங்கே நண்பகலில் நடக்கிறது. ஆனால் ஸ்பாட் விலை, அதாவது வெள்ளி அந்த நிமிடம் சந்தையில் கைமாறும் விலை, அதற்காகக் காத்திருப்பதில்லை. நியூயார்க் நேரப்படி ஞாயிறு மாலை தொடங்கி வெள்ளி மாலை வரை, தினமும் ஒரு மணி நேர இடைவெளி தவிர, ஓடிக்கொண்டே இருக்கிறது. 2011 ஏப்ரல் கடைசியில் அவுன்ஸ் 49 டாலரைத் தாண்டிய வெள்ளி, மே முதல் வாரத்துக்குள் கால்வாசிக்கு மேல் இழந்தது. இப்படி ஓடும் உலோகத்துக்குப் பத்து நாள் பழைய விலையை எழுதிவைப்பது நின்றுபோன கடிகாரத்தைச் சுவரில் மாட்டிவைப்பது போலத்தான்.

ஒரு சூட்சுமம் சொல்கிறேன். பல தளங்களின் உச்சியில் ஸ்பாட் விலை பச்சையும் சிவப்புமாக மினுக்கிக்கொண்டு ஓடும். அதைப் பார்த்ததும் கீழே இருக்கும் நாணய விலையும் அதோடு சேர்ந்து ஓடுகிறது என்று நம்பிவிடுகிறோம். மேலே ஓடுவது வேறெங்கிருந்தோ வாங்கி ஒட்டிய ஒரு பட்டையாக இருக்கலாம், கீழே இருப்பது யாரோ போன வாரம் கையால் தட்டிய எண்ணாக இருக்கலாம். இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று பார்ப்பது சுலபம். சந்தை ஓடும் நேரத்தில் ஒரு நாணயத்தின் விலையைக் குறித்துவையுங்கள். மேலே ஸ்பாட் நன்றாக நகர்ந்த பிறகு பக்கத்தைப் புதுப்பித்துப் பாருங்கள். நாணய விலை அசையவே இல்லை என்றால் அந்தத் தளம் தூங்குகிறது. அந்தத் தம்பியின் ஸ்கிரீன்ஷாட்டிலேயே எல்லாம் இருந்தது. மேலே அன்றைய ஸ்பாட், நடுவில் நாணய விலை, அடியில் பொடி எழுத்தில் ‘கடைசியாகப் புதுப்பித்தது’ என்று பதினோரு நாளுக்கு முந்தைய தேதி. நான் விரலை வைத்துக் காட்டும்வரை அவர் பார்க்கவில்லை.

இதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன், விலையை மாற்றாதவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் இல்லை. சின்ன வியாபாரிகளில் சிலர் தளத்தை ஒரு பட்டியலாக மட்டும் வைத்திருப்பார்கள். விலைக்குப் போன் செய்யுங்கள் என்று எழுதியும் இருப்பார்கள். போன் செய்தால் அந்த நிமிட விலையைச் சொல்வார்கள். அவர்களிடம் தாராளமாக வாங்கலாம். எனக்குக் கோபம், பழைய விலையைக் காட்டிக்கொண்டே ‘இப்போதே வாங்கு’ பட்டனையும் திறந்து வைத்து, பணத்தையும் வாங்கிப் போட்டுக்கொண்டு, சந்தை எந்தப் பக்கம் போகிறது என்று நாள்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் மேல்தான்.

விலை ஸ்பாட்டுக்கும் கீழே இருந்தால்? ஆசைப்படாதீர்கள். அமெரிக்க நாணயச்சாலை சில்வர் ஈகிள் முதலீட்டு நாணயங்களைப் பொதுமக்களுக்கு நேரடியாக விற்பதில்லை. அங்கீகரிக்கப்பட்ட மொத்த வியாபாரிகளுக்குத்தான் தருகிறது, அதுவும் வெள்ளி விலைக்கு மேல் ஒரு பிரீமியம், அதாவது கூடுதல் தொகை, சேர்த்து. கொள்முதலே ஸ்பாட்டுக்கு மேல் இருக்கும்போது, புது நாணயத்தை ஸ்பாட்டுக்குக் கீழே ஒருவர் தருகிறார் என்றால், விலை செத்துப்போன விலை, அல்லது நாணயம் போலி, அல்லது நாணயமே கிடையாது. ஸ்பாட் விழுந்தால் நாணய விலையும் கூடவே விழ வேண்டும் என்ற கணக்கும் எப்போதும் சரிவராது. 2020 மார்ச்சில் வெள்ளி 12 டாலருக்கும் கீழே போனபோது நாணயங்களுக்குத் தட்டுப்பாடு வந்து பிரீமியம் எகிறியது. அந்த நேரத்தில் பழைய பிரீமியத்தோடு நாணயம் ‘கைவசம் உண்டு’ என்று காட்டிய தளங்களை நம்பியவர்கள் வாரக்கணக்கில் காத்திருந்தார்கள்.

இனி, வாங்குவதற்கு முன் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு வருகிறேன். முதலில் ஸ்பாட் விலையை வேறொரு இடத்தில் பாருங்கள், வியாபாரியின் தளத்திலேயே பார்க்காதீர்கள். நாணய விலையிலிருந்து ஸ்பாட்டைக் கழித்து, ஸ்பாட்டால் வகுத்து, நூறால் பெருக்குங்கள். வருவது பிரீமியம் சதவீதம். அதே நாணயத்துக்கு இன்னும் மூன்று இடங்களில் இதே கணக்கைப் போடுங்கள். ஒன்று மட்டும் தனியாக மேலேயோ கீழேயோ துருத்திக்கொண்டு நின்றால் சந்தேகப்படுங்கள். கணக்கு ஒரு டிராய் அவுன்ஸுக்கு, அதாவது 31.1 கிராமுக்கு. எல்லா நாணயமும் அந்த எடை இல்லை. சீனாவின் பாண்டா வெள்ளி நாணயம் 2016 முதல் 30 கிராமாகத்தான் வருகிறது. அதற்கு முந்தைய வருடங்களின் வர்ணனையை மாற்றாமல் ‘ஒரு அவுன்ஸ்’ என்றே போட்டிருக்கும் தளத்தைப் பார்த்தால் அங்கே விலையையும் யாரும் பார்ப்பதில்லை என்று புரிந்துகொள்ளுங்கள்.

அப்புறம், வார இறுதியில் வாங்காதீர்கள். சந்தை மூடியிருக்கும். திங்கட்கிழமை எந்த விலையில் திறக்கும் என்று வியாபாரிக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. 2021 ஜனவரி கடைசி வார இறுதியில் வெள்ளி வாங்கக் கூட்டம் அலைமோதியபோது, சந்தை திறக்கும்வரை ஆர்டரே எடுக்க மாட்டோம் என்று பெரிய வியாபாரிகளே நிறுத்திவைத்தார்கள். பார்க்கப்போனால் நாணயமான செய்கை அது.

பணம் கட்டும் முன் போன் செய்யுங்கள். மூன்றே கேள்வி. இந்த விலை இந்த நிமிடம் செல்லுமா? நாணயம் உங்கள் கையில் இருக்கிறதா, வரவழைக்க வேண்டுமா? என்றைக்கு அனுப்புவீர்கள்? ஆம் என்றால் அதையே மின்னஞ்சலில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். நல்ல தளங்களில் பணம் கட்டும் பக்கத்தில் விலை சில நிமிடங்களுக்குப் பூட்டப்படும், ஒரு கடிகாரம் ஓடும், முடிந்ததும் ஆர்டர் எண்ணோடு உறுதிச் செய்தி வரும். ‘ஆர்டர் பெற்றுக்கொண்டோம்’ என்பது வேறு, ‘விலை உறுதி’ என்பது வேறு. முதலாவதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கப் போகாதீர்கள். கார்டில் கட்ட வழி இருந்தால் கட்டணம் கொஞ்சம் கூடினாலும் முதல் முறை அதிலேயே கட்டுங்கள். வங்கிப் பரிமாற்றத்தில் போன பணத்தைத் திரும்பப் பெறுவது பெரும்பாடு.

இதைப் படிக்கும் யாராவது இப்போதே பணத்தைக் கட்டிவிட்டு ஒரு வாரமாகக் காத்திருக்கிறீர்கள் என்றால், கோபப்பட்டுத் திட்டி எழுதாதீர்கள். ஆர்டர் எண், கட்டிய தேதி, நேரம், விலை, தளத்தில் இருந்த புதுப்பித்த தேதி எல்லாவற்றையும் இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள், நாளைக்கு அந்தப் பக்கம் மாறியிருக்கும். எந்தத் தேதிக்குள் அனுப்புவீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் உங்கள் வங்கியில் உடனே புகார் எழுதுங்கள், கெடு தாண்டினால் அவர்களாலும் ஒன்றும் செய்ய முடியாது. ரத்து என்றே வந்துவிட்டால் பணம் கட்டிய வழியிலேயே திரும்பி வர வேண்டும் என்று வற்புறுத்துங்கள். “பணம் எதற்கு, எங்கள் கணக்கிலேயே இருக்கட்டும், அடுத்த ஆர்டருக்குக் கழித்துக்கொள்ளலாம்” என்று சொல்வார்கள். கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், அதற்கு மட்டும் தலையாட்டிவிடாதீர்கள்.