அட்டையில் "திருத்திய பதிப்பு" என்று இருந்தால் உடனே வாங்கிவிடாதீர்கள்

போன மாதம் ஓர் அக்கா பையிலிருந்து ஒரு ஸ்வெட்டரை எடுத்து என் கடை மேசையில் விரித்தார். "டீச்சர், இதுக்குள்ள ரெண்டு பேரு நுழையலாம்" என்றார். மகன் இங்கிலாந்துக்குப் படிக்கப் போகிறான், அம்மா கையால் பின்னியது ஒன்றாவது பெட்டியில் இருக்கட்டும் என்று நாலு மாதம் ராத்திரி ராத்திரி உட்கார்ந்து போட்டது. மார்புச் சுற்றளவு 90 செ.மீ. வந்திருக்க வேண்டும். டேப் வைத்தால் 110.

அவர் கையில் குற்றமில்லை. அவர் பார்த்துப் பின்னியது, எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மிஸ்ஸியாக (நர்ஸாக) இருந்த மாமியார் விட்டுப்போன பழைய பிரிட்டிஷ் பின்னல் புத்தகம். "8ஆம் நம்பர் ஊசி" என்று போட்டிருக்கிறது. அக்கா ஆன்லைனில் 8 என்று தேடி வாங்கியது அமெரிக்க 8. பழைய பிரிட்டிஷ் கணக்கில் 8 என்றால் 4 மி.மீ., அமெரிக்கக் கணக்கில் 5 மி.மீ.; போதாக்குறைக்கு பிரிட்டிஷ் நம்பர் ஏற ஏற ஊசி மெலியும், அமெரிக்க நம்பர் ஏற ஏறத் தடிக்கும். டபுள் நிட்டிங் என்கிற நடுத்தரத் தடிமன் நூலில் 10 செ.மீ.க்கு 22 கண்ணி (ஊசியில் விழும் வளையம்) வரவேண்டிய இடத்தில் அவருக்கு 18தான் வந்திருக்கிறது. முன்பக்கம் 99 கண்ணி, பின்பக்கம் 99 கண்ணி, கணக்குப் போட்டுப் பாருங்கள். (முதலில் சின்னதாக ஒரு டென்ஷன் சதுரம் பின்னி அளந்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். நானும் பல தடவை அதைச் செய்யாமல் மாட்டிக்கொண்டவள்தான், அதனால் அக்காவைத் திட்டவில்லை.)

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அதே புத்தகத்துக்கு இப்போது புதுப் பதிப்பு வந்திருக்கிறது, 150 வெள்ளி (ரிங்கிட்), வாங்கட்டுமா என்று கேட்டார். மலேசியாவில் தாப்பாவில் கடை போட்டு வகுப்பும் எடுக்கிறேன், மேலே கேமரன் மலைக் குளிருக்காகப் பின்னுகிறவர்கள் நிறைய பேர் வருகிறார்கள், இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. விற்பவர் போட்டிருந்த உள்பக்கப் படங்களை போனில் பெரிதாக்கி இரண்டு பேரும் பார்த்தோம். நல்லவேளையாக அவர் பின்னிய அதே ஸ்வெட்டர் மாதிரியின் பக்கம் அதில் இருந்தது. ஊசி மி.மீ.க்கு மாறியிருந்தது, நூல் அவுன்ஸிலிருந்து கிராமுக்கு மாறியிருந்தது. மற்றபடி அதே 99 கண்ணி, அதே மூன்று அளவு, போட்டோ மட்டும் புதுசு. 150 வெள்ளிக்கு ஒரு மாற்று அட்டவணை! பென்சிலை எடுத்துப் பழைய புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே எழுதிக் கொடுத்தேன்: 7 என்றால் 4.5, 8 என்றால் 4, 9 என்றால் 3.75, 10 என்றால் 3.25 மி.மீ. ஓர் அவுன்ஸ் 28 கிராம்.

இப்படித்தான் பார்க்க வேண்டும். நீங்கள் ஏற்கெனவே பின்னிய ஒரு மாதிரியை எடுத்து இரண்டு பதிப்பிலும் எண்ணுக்கு எண் ஒப்பிடுங்கள், முன்னுரையில் எழுதியிருப்பதை நம்பாதீர்கள். தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தையும் பாருங்கள், அங்கே "10 9 8 7 6 5 4 3" என்று ஒரு வரிசை இருந்தால் கடைசியில் நிற்கும் சின்ன எண்தான் எத்தனையாவது அச்சு என்பது, இது மூன்றாவது. வெறும் மறு அச்சிலும் சில சமயம் சத்தமில்லாமல் பிழை திருத்தியிருப்பார்கள். ஐ.எஸ்.பி.என். (புத்தகத்தின் அடையாள எண்) மாறியிருக்கிறதே என்று ஏமாற வேண்டாம், கெட்டி அட்டை மெல்லிய அட்டையானாலே அது மாறிவிடும். அப்புறம், பதிப்பகத்தின் தளத்தில் பிழைதிருத்தப் பட்டியல் இலவசமாகவே கிடைக்கலாம், காசு கட்டுவதற்கு முன்னால் அதைத் தேடுங்கள்.

புதுசை வாங்கு என்று நானே சொல்லும் சந்தர்ப்பமும் உண்டு. பழையதில் மார்பளவு 40 அங்குலத்தோடு நின்றுபோய், புதியதில் பெரிய உடம்புக்கும் கணக்குப் போட்டிருந்தால் வாங்குங்கள். அந்தக் கணக்கை நாமாகப் போடுவது லேசில்லை. வரி வரியாக எழுதியதைக் கட்டம் போட்ட வரைபடமாக மாற்றியிருந்தாலும் வாங்கலாம், ஆங்கிலம் தடுமாறுகிறவர்களுக்கு அது பெரிய உதவி. ஜூன் ஹெமன்ஸ் ஹையட்டின் 'தி பிரின்சிபிள்ஸ் ஆஃப் நிட்டிங்' 1988இல் வந்து, அச்சில் இல்லாமல் போய், பழைய பிரதிகள் யானை விலைக்குப் போயின. 2012 பதிப்பில் அவர் நிறையவே மாற்றி எழுதினார். திருத்துவது என்றால் அது.

குரோஷே (கொக்கி ஊசிப் பின்னல்) பகுதியும் சேர்ந்த புத்தகமானால் எந்த நாட்டுப் பதிப்பு என்பதையும் கேளுங்கள். அமெரிக்கர்கள் டபுள் குரோஷே என்கிற கண்ணியைப் பிரிட்டிஷ்காரர்கள் டிரெபிள் என்பார்கள். வாங்கினால் ரசீதை வைத்திருங்கள், வருமான வரியில் வாழ்க்கைமுறைக் கழிவில் புத்தகமும் சேரும்.

அக்கா ஸ்வெட்டரை முழுசாகப் பிரித்துவிட்டார். நூல் இடியாப்பம் மாதிரி சுருண்டு கிடந்தது, அலசிக் கொடியில் தொங்கவிட்ட பிறகு நேராகிவிட்டது. போன சனிக்கிழமை வகுப்புக்கு வந்தபோது பின்பக்கம் அக்குள்வரை ஏறியிருந்தது. டேப் வைத்தோம், 45.