ஃபட்டீக்: களைப்பா, சோர்வா?

என் சித்திக்கு லூபஸ். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே உடலைத் தாக்கும் நோய். வந்தால் வருடக்கணக்கில் கூடவே இருக்கும். ஒருமுறை பரிசோதனைக்குப் போனபோது இளம் டாக்டர் ஒருவர் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டார். படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. அவரே அங்கங்கே தமிழாக்கிக் கேட்டார். "சீக்கிரம் களைச்சுப் போயிடுறீங்களாம்மா? ஒண்ணுல இருந்து ஏழுக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க." சித்தி கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார்: "களைக்கிற அளவுக்கு நான் என்னம்மா வேலை பார்க்கிறேன்? ஒண்ணே போட்டுக்கோங்க."

அன்று காலையில்தான் பேத்திக்குத் தலை பின்ன உட்கார்ந்தவர், ஒரு சடையை முடிப்பதற்குள் இரண்டு முறை கையை மடியில் இறக்கி வைத்தார். அடுத்த சடையை என்னிடம் விட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டார். அவர் சொன்னது பொய்யில்லை. டாக்டர் மீதும் தவறில்லை. நடுவில் இருந்த சொல்தான் காலை வாரிவிட்டது.

படிவத்தில் இருந்த ஆங்கிலச் சொல் ஃபட்டீக் (fatigue). அதன் வேர் லத்தீன். ஃபட்டிகாரே என்றால் ஒருவரை அலுத்துப்போகும்படி செய்வது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோதும் அதில் வேலையின் வாடை இருந்தது. ராணுவத்தில் சண்டையில்லாத நேரத்தில் சிப்பாய்களிடம் வாங்கும் குழி வெட்டுதல், துப்புரவு போன்ற வேலைகளுக்கே ஃபட்டீக் என்று பெயர். இத்தாலியில் ஃபாட்டிகா என்றால் இன்றும் உழைப்பு என்ற பொருளும் உண்டு. அந்த நாட்டு உடலியல் அறிஞர் ஆஞ்செலோ மோசோ 1891இல் அதே தலைப்பில் ஒரு நூல் வெளியிட்டார். விரலில் எடையைக் கட்டித் திரும்பத் திரும்பத் தூக்கவைத்து, தூக்கும் உயரம் எப்படிக் குறைகிறது என்று கோடாக வரையும் கருவியும் அவர் செய்ததுதான். அது தசையின் களைப்பை அளந்தது. ஒன்றுமே தூக்காமல் வரும் சோர்வை அப்படி அளக்க முடியாது. அதை அனுபவிப்பவரிடம்தான் கேட்க வேண்டும்.

லூபஸின் தீவிரத்தைக் கணக்கிட மருத்துவர்கள் பயன்படுத்தும் ஸ்லெடாய் என்ற அளவீட்டில் 24 அம்சங்கள் உண்டு. மூட்டு வீக்கம், தோல் தடிப்பு, சிறுநீரில் புரதம் எல்லாம் இருக்கும், சோர்வு இருக்காது. அதனால்தான் ரத்தப் பரிசோதனை நன்றாக இருக்கிறது என்ற நல்ல செய்தியோடு வீட்டுக்கு வந்து, நோயாளி படுத்தே கிடப்பதும் நடக்கிறது. இந்தக் குறையை நிரப்பத் தனிக் கேள்வித்தாள்கள் வந்தன. சித்தியிடம் கேட்டது அதில் ஒன்று: 1989இல் வெளியான சோர்வுத் தீவிர அளவுகோல். ஒன்பது கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண், கடைசியில் சராசரி. அந்த முதல் ஆய்வில் நலமாக இருந்தவர்களின் சராசரி 2.3; லூபஸ் உள்ளவர்களுக்கு 4.7. இதில் கவனிக்க வேண்டியது, ஒன்பது கூற்றுகளிலும் ஃபட்டீக் என்ற சொல்தான் திரும்பத் திரும்ப வருகிறது. தமிழில் தவறான சொல்லை வைத்தால் ஒன்பது முறையும் தவறும்.

சரி, எந்தச் சொல்? களைப்புக்கு ஒரு காரணம் வேண்டும். நடந்தோம், சுமந்தோம், களைத்தோம். ஒரு தூக்கம் போட்டால் தீர்ந்தது. இளைப்பு என்றால் நம் ஊரில் மூச்சு வாங்குவதாகவோ உடம்பு மெலிந்ததாகவோதான் எடுத்துக்கொள்வார்கள். அலுப்பில் சலிப்பும் கலந்திருக்கிறது. அசதி பேச்சில் நன்றாகப் புழங்கும், ஆனால் 'அசதி மறதியாக' என்று கவனக்குறைவையும் சேர்த்துக்கொள்ளும். அயர்வைச் சொன்னால் அயர்ந்து தூங்குவதுதான் நினைவுக்கு வருகிறது. இந்த நோயாளிகளில் பலருக்கு அந்தத் தூக்கம் கிடைப்பதில்லை.

எனக்குச் சரியாகப் படுவது சோர்வு. சோர்தல் என்றால் நழுவுதல், தளர்ந்து வழிதல். கண்ணீர் சோரும், கூந்தல் சோரும், உடுத்த துணி சோரும். யாரும் உழைக்க வேண்டியதில்லை. பிடி விட்டுப்போனால் போதும். மடியில் இறங்கிய சித்தியின் கை அப்படித்தான் இறங்கியது. ஒரே சிக்கல், மனச்சோர்வு என்ற சொல் மனநோய்க்கு நிலைத்துவிட்டது. லூபஸ் உள்ளவருக்கு அதுவும் வரலாம், ஆனால் அது வேறு கணக்கு. ஆகவே படிவத்தின் தலைப்பிலும் முதல் கூற்றிலும் உடற்சோர்வு என்று எழுதிவிட வேண்டும்.

களைப்பை ஒரேயடியாகத் தள்ளவும் முடியாது. ஃபாசிட் என்ற இன்னொரு கேள்வித்தாளில் 13 கேள்விகள். அதில் ஃபட்டீக் தனி, டயர்ட் தனி. முதலாவதற்குச் சோர்வு, இரண்டாவதற்குக் களைப்பு. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் ஒரே கேள்வியை இருமுறை கேட்டதாகிவிடும். 'வாஷ்டு அவுட்', அதாவது துவைத்துப் போட்டாற்போல் இருப்பதாக அதில் வரும் கூற்றுக்கு நம்மிடம் தயாராகவே ஒன்று இருக்கிறது: அடிச்சுப் போட்ட மாதிரி.

தொல்காப்பிய உரியியலில் ஓய்தல், ஆய்தல், நிழத்தல், சாஅய் என்ற நான்கு சொற்களுக்கும் சேர்த்து ஒரே பொருள் சொல்லியிருக்கிறது: உள்ளதன் நுணுக்கம். முன்பு இருந்த அளவிலிருந்து குறைந்துபோவது. கை கால் ஓய்ஞ்சு போச்சு என்று இன்றைக்கும் சொல்கிறோமே, அந்த ஓய்தல்தான். சோர்வை அளப்பவர்கள் இதை மனதில் வைத்தால் நல்லது. பக்கத்து வீட்டுக்காரரோடு ஒப்பிட்டுக் கேட்பதைவிட, நோய்க்கு முன் இருந்த அதே மனிதரோடு ஒப்பிட்டுக் கேட்கலாம்.

வீட்டுக்கு வந்து சாப்பிட்ட பிறகு அதே கேள்வியை நான் சித்தியிடம் கேட்டேன். ஒரு சொல்லை மட்டும் மாற்றினேன். "சீக்கிரம் சோர்ந்து போயிடுறீங்களா சித்தி?" தட்டைக் கழுவப் போனவர் திரும்பி உட்கார்ந்துவிட்டார். "அது விடிஞ்சு எந்திரிக்கும்போதே இருக்கே. ஏழு போடு."